அன்றைக்குச் சங்கு ஊதவில்லை

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்பது உன் குரலிலேயே தெரிகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா செத்ததைப் பற்றி இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு திங்கட்கிழமை சர்க்கார் விசாரணை வைத்திருக்கிறார்கள். என்னையும் வரச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியில் தண்ணீரைத் திறப்பதற்கு முன்னால் சங்கு ஊதினார்களா இல்லையா என்று கேட்பார்களாம். ஊதினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நீ குஜராத்துக்கு ரயில் ஏறினாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நான் அங்கே என்ன சொல்லப் போகிறேன் என்பதை உனக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம். ஆனால் நீ, "சாப்டியாம்மா, மாத்திர போட்டியா" என்று கேட்பாய், நான் அப்பா பேச்சை எடுத்தால் "இங்க சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடுதாசிக்கு சிக்னல் வேண்டாம். எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு, எழுத்து கோணலாக இருக்கும். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

அந்தக் கம்பெனியில் கரண்ட் எப்படி எடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிய வைத்தவனே நீதான். டிப்ளமோ முடித்து, கான்ட்ராக்ட்டில் உள்ளே போன புதிதில் ஒரு நாள் நான் சமைத்துக் கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாய். "தோ பாரும்மா, பெரிய அடுப்புல சோறு வேவுது. அதுல மிஞ்சற அனல் உள்ளாற போயி கொடி அடுப்புல கொழம்ப கொதிக்க வைக்குதில்ல, அதான் எங்க பிளாண்ட்டு. கேஸ எரிச்சி ஒரு மிஷின் சுத்துது. அந்தச் சூட்டுலயே தண்ணிய ஆவியாக்கி இன்னொரு மிஷின் சுத்துது." உன் அப்பா பின்னால் நின்று கேட்டுவிட்டு, "இதுக்காடா மூணு வருசம் படிக்க வச்சேன், உங்கம்மா இத கல்யாணமான நாள்லேருந்து பண்ணினு இருக்கா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். இன்றைக்கும் அந்தக் கொடி அடுப்பில்தான் குழம்பு வைக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு குழம்பு வைப்பது என்று இன்னும் கை பழகவில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ மறந்துவிட்டாய் என்று அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதல் முதலாளி கட்டின கம்பெனி அது. கடல் தண்ணீரை இழுத்து, மிஷினைக் குளிர வைத்து, அந்தத் தண்ணீரை நம் உப்பளத்தின் ஓரமாக வாய்க்கால் வெட்டி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் விட்டு, மறுபடியும் கடலுக்கு அனுப்பினார்கள். சுற்றிச் சுற்றி வந்ததில் அது சாதாரண கடல் தண்ணீரைவிடக் கரிப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் அது கம்பெனிக் கழிவு என்று மூக்கைப் பிடித்தார்கள். உன் அப்பாதான் அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இது பாதி உப்பாகித்தான் வருகிறது என்று சொன்னவர். பலகை வைத்து ஒரு கிளை வெட்டி நம் பாத்திக்கு இழுத்தார். மற்றவர்கள் பாத்தி கலங்கலாகக் கிடக்கும்போதே நம் பாத்தியில் உப்பு கண்ணைத் திறந்துவிடும். பக்கத்துப் பாத்தி குப்பம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உனக்கு இன்னாடி கவல, கம்பெனிக்காரன் உன் பாத்திக்கு வெந்நீர் வச்சிக் குடுக்கறான், முதுகும் தேச்சி உடுவான் போலருக்கே" என்று வம்பு பண்ணுவாள். பிறகு அவள் புருஷனும் ஒரு கிளை வெட்டினான். கொஞ்ச நாளில் எல்லாரும் வெட்டினார்கள். எல்லார் வாயிலும் அது வெந்நீர் வாய்க்கால் ஆகிவிட்டது.

வாய்க்காலில் இறங்கிச் சேறு வாராமல் கிளைக்குத் தண்ணீர் வராது. மிஷினை நிறுத்தும் நாளில்தான் இறங்க முடியும். அதனால்தான் அந்த முதல் கம்பெனிக்காரர்கள் சங்கு வைத்தார்கள். திறப்பதற்கு முன்னால் சங்கு ஊதும். ஊதினதும் வாய்க்காலில் இருக்கிற ஒவ்வொருத்தரும் கரை ஏறி "ஏறிட்டேன்" என்று கூவ வேண்டும். யாருடைய குரலாவது வரவில்லை என்றால் கரையில் இருப்பவர்கள் அவர் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். கடைசி ஆள் கூவின பிறகு பாலத்தின்மேல் யாராவது ஒரு துணியை வீசிக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு காவல் மேடையில் இருக்கிற வாட்ச்மேன் உள்ளே சொல்வார். அப்புறம்தான் தண்ணீர். யாரும் சட்டம் போடவில்லை, போர்டு எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் தவறினதில்லை. வாய்க்காலில் காலே வைக்காத பொம்பளைகள்கூட வரப்பில் நின்று கூவுவோம். உன் அப்பாவின் குரல் கட்டை என்பதால் அவர் கூவினால் எருமை கத்துகிற மாதிரி இருக்கும், எல்லாரும் திரும்பக் கூவிக் கிண்டல் பண்ணுவார்கள். உனக்குப் பேச்சு திருந்துவதற்கு முன்பே "ஏட்டேன், ஏட்டேன்" என்று நீ நடு வீட்டில் கூவினவன்.

அப்புறம் கேஸ் சரியாக வரவில்லை, வந்த கேஸும் விலை கட்டுப்படியாகவில்லை என்று மிஷினை நிறுத்தினார்கள். நிறுத்தினது நிறுத்தினதுதான். நம் உப்பளத்துக்கே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. வாய்க்காலில் மணல் ஏறி, முள் முளைத்து, நாய் படுத்தது. பேங்க்காரன் எடுத்துக்கொண்டான் என்றார்கள். பேங்க்காரன் விற்றான் என்றார்கள். வாங்கினவன் வடக்கே எங்கேயோ இருக்கிறான், அவன் இன்னொருத்தனிடம் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். கேட்டில் இருந்த போர்டுமேல் பெயின்ட் அடித்துப் புதுப் பேர் எழுதினார்கள், வெயில் விழுந்தால் அடியில் பழைய பேர் தெரிந்தது. நீ அந்த ஓட்டுகிற கம்பெனியில்தான் சேர்ந்தாய். அவர்கள் வாங்கும்போது மிஷினை வாங்கினார்கள், குழாயை வாங்கினார்கள், நாற்காலி மேஜைக்குக்கூட நம்பர் ஒட்டி எடுத்துக்கொண்டார்கள் என்று நீயே சொன்னாய். சங்கு ஊதுகிற பழக்கத்தை யாரும் வாங்கவில்லை. அதற்கு எங்கே நம்பர் ஒட்டுவது? பழைய வாட்ச்மேனை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வாய்க்கால் கடலுக்குப் போகிறது என்று மட்டும்தான் தெரியும், நடுவில் நாம் இருக்கிறோம் என்று தெரியாது. ஆனால் உனக்குத் தெரியும், கண்ணு. அந்தச் சுவருக்கு உள்ளே அது தெரிந்த ஒரே ஆள் நீ.

மறுபடியும் மிஷின் ஓடப்போகிறது என்று நீ வந்து சொன்னபோது உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மகனுக்கு வேலை, பாத்திக்கு வெந்நீர். அந்த மனுஷன் வேறென்ன கேட்டார்? பாலத்துக்கு அடியில் முள் அடைத்துக் கிடக்கிறது, அதை எடுத்தால்தான் நம் கிளைக்குத் தண்ணீர் திரும்பும் என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே உன்னைக் கேட்டார். நான் அப்போது உனக்குச் சோறு போட்டுக் கொண்டிருந்தேன். நீங்கள் பேசினது வார்த்தைக்கு வார்த்தை என் காதில் இருக்கிறது.

"ஏம்பா, தண்ணி எப்ப உடுவாங்க?"

"கேஸே இன்னும் வந்து சேரலப்பா. ஒரு வாரமாவது ஆவும்."

"நாளைக்கி எறங்கலாம்னு பாக்கறேன்."

"எறங்கு. அப்படியே கெளப்பினாலும் சங்கு ஊதாமயா உடப்போறோம்?"

அவ்வளவுதான் பேச்சு. நீ கை கழுவிவிட்டுப் போனாய். இதை நீ அந்தக் காகிதத்தில் எழுதவில்லை. நானும் இதுவரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் குப்பம்மாவோடு பாத்தி மிதித்துக் கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நான் முதலில் சந்தோஷப்பட்டேன், கண்ணு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடுதாசி பொய்யாகிவிடும். "வந்துடுச்சிடி" என்று நான் கையைத் தூக்கினேன். "துண்டு எடுத்துக்கினு வா, குளிக்கலாம்" என்று குப்பம்மா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "ஏய், சங்கு ஊதலயே. உன் வூட்டுக்காரர் எங்கடி?" என்றாள். அவள் கேட்ட பிறகுதான் நான் ஓடினேன். உப்பளமே ஓடியது. எல்லாரும் அவர் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நானும், பேரைச் சொல்லக் கூடாது என்று பழகினவள், பேரைச் சொல்லிக் கத்தினேன். அந்தக் கட்டைக் குரல் வரவில்லை.

யாரோ போன் பண்ணி, உள்ளே ஆளைப் பிடித்து, பம்ப்பை நிறுத்தி, தீயணைப்பு வண்டி வந்து, பாலத்துக்கு அடியில் முள்ளை அறுத்து அவரை வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் மிஷின் சூடாகி, தண்ணீரும் சூடாகித்தான் வந்திருந்தது. அவரைக் கரையில் போட்டபோது நான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. கை சூடு, கால் சூடு, நெற்றி சூடு. "உயிர் இருக்குது, தொட்டுப் பாருங்க, சூடா இருக்குது" என்று நான் எல்லார் காலையும் பிடித்துக் கத்தினேன். ஆஸ்பத்திரி ஆள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினபோதும் நம்பவில்லை. அவர் என் மடியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆறினார். பல பேருக்குப் புருஷன் செத்திருக்கிறான், உப்பளத்தில் அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் செத்தவனை உயிரோடு இருக்கிறான் என்று நினைத்து, அவன் ஆறுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். நீ ஹெல்மெட்டோடு ஓடி வந்தாய். கரையிலேயே நின்றுவிட்டாய். கிட்டே வந்து தொடவில்லை. அன்றைக்கு அது எனக்குக் கோபமாக இருந்தது. இப்போது, நீ ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்து நீ ரயில் ஏறின பிறகு நானும் குப்பம்மாவும் கம்பெனி கேட்டுக்குப் போனோம். எதையும் வாங்கப் போகவில்லை. யார் பண்ணினது, ஏன் பண்ணினார்கள் என்று ஒரு மனுஷன் வாயால் கேட்டுவிட்டு வரத்தான் போனோம். பேன்ட் போட்ட ஒருத்தர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நாங்க மிஷின் ஓட்டறவங்கம்மா. பிளாண்ட்டு எங்களுது இல்ல. ஓனர் வேற."

"ஓனர் எங்க சார் இருக்காரு?"

"அது ஒரு ஆள் இல்லம்மா. கம்பெனி. அந்தக் கம்பெனிய இப்ப வேற கம்பெனி வாங்கிடுச்சி."

"அப்ப வாய்க்கா யாருது?"

"சுவத்துக்கு வெளிய இருக்கறது எங்க கணக்குல வராதும்மா. பழைய ஓனரத்தான் கேக்கணும்."

"தண்ணி யாருது சார்?"

அவர் போனைப் பார்த்தார். குப்பம்மா சும்மா இருப்பாளா. "தண்ணிக்கு அப்பன் இல்ல, வாய்க்காலுக்கு அப்பன் இல்ல. கரண்டு பணம் மட்டும் யார் வூட்டுக்குப் போவணும்னு வழி தெரிஞ்சி போவுது பாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் நினைத்தேன். இத்தனை பெரிய கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள். செத்தவனுக்கு மட்டும் சொந்தக்காரி நான் ஒருத்திதான்.

போன வாரம் அதே பேன்ட்காரர் நம் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். கூடவே பொம்மையார்பாளையத்து மாமாவையும் அழைத்து வந்திருந்தார். என் தம்பி எனக்கு நல்லது சொல்வான் என்று நம்பித்தான் உட்கார வைத்தேன். "சங்கு ஊதுச்சின்னு சொன்னா போதும்மா" என்றார் அவர். "நான் கேக்கலியே சார்" என்றேன். "பரவால்ல. காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும், எனக்குக் காதுல விழலன்னு சொல்லுங்க. ஊதலன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். பாரு, எவ்வளவு சின்னதாக நறுக்கித் தருகிறார்கள். அவர் போன பிறகு மாமா பிடித்துக்கொண்டான். "அக்கா, கம்பெனிக்காரங்க குஜராத்துக்கு அனுப்பினதுல அவன் பர்மனென்ட் ஆயிட்டான். நீ ஊதலன்னு சொன்னா அவன் பொய்க் கையெழுத்து போட்டான்னு ஆவும். வேலயும் போவும், கேசும் வரும். மாமா திரும்பி வரப்போறாரா? பெத்த புள்ளய நீயே ஜெயிலுக்கு அனுப்புவியா?" என்றான். அவன் எழுந்து போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "மாமாவும் கொஞ்சம் பாத்து எறங்கியிருக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. நான் சங்கு ஊதியது என்று சொன்னால் என்ன ஆகும்? சங்கு ஊதியும் ஏறாமல் உள்ளே கிடந்தவர் என்று உன் அப்பாவைப் பற்றி எழுதுவார்கள். குடித்திருந்தார் என்பார்கள். காது கேட்காது என்பார்கள். உப்பளத்திலேயே முதலில் கரை ஏறி, மற்றவன் ஏறினானா என்று திரும்பிப் பார்க்கிற மனுஷனை அசட்டை பிடித்தவன் என்று முடித்துவிடுவார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தது என்று நான் சொல்ல முடியாது. என் ஒருத்தி காது மந்தமாக இருக்கலாம். உப்பளத்தில் இருந்த அத்தனை பேர் வாயும் அன்றைக்கு ஏன் மூடிக்கிடந்தது? சங்கு ஊதியிருந்தால் ஒரு குரலாவது கூவியிருக்காதா?

அன்றைக்குத் தண்ணீரைத் திறந்தவர்களில் நீயும் ஒருத்தன், ஆனால் வேண்டுமென்று பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். மேலே இருக்கிறவன் கிளப்பு என்று சொல்லியிருப்பான், யாரோ பெரிய ஆள் பார்க்க வருகிறார் என்று அவசரப்படுத்தியிருப்பான். சங்குக்கு ஒயரே இழுக்காமல் கிடந்தது என்றுகூடக் கேள்விப்பட்டேன். நீ அவர்களிடம், எங்கப்பா இறங்கியிருக்கிறார், ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று கேட்டாயா? கேட்டிருப்பாய் என்று சில நாள் நினைக்கிறேன். கேட்கவில்லை, வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது என்று சில நாள் நினைக்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் எனக்குச் சோறு இறங்காமல் பண்ணுகிறது. எதுவாக இருந்தாலும் நீ சொன்னால் நான் தாங்கிக்கொள்வேன். புருஷனை ஆறுகிற வரைக்கும் மடியில் வைத்திருந்தவளால் இதையும் தாங்க முடியும்.

உனக்கு அந்த வேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உப்பளத்து வெயிலில் காலைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் நீ நிழலில் நிற்க வேண்டும் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டோம். ஆனால் அப்பாவின் பேரை மாற்றாகக் கொடுத்து அந்த நிழலை வாங்காதே. அங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, கண்ணு. இது எங்களுது இல்லை, அது அவர்களுது என்று கை காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களோடு இருந்து இருந்து நீயும் கை காட்டப் பழகிவிட்டாய். எனக்கு இருப்பதில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுதான் இருக்கிறது. உன் கையால் நடந்ததை உன்னுடையது என்று சொல். நடந்ததில் உன் பங்கு எவ்வளவோ அவ்வளவு சொல். மேலே இருக்கிறவனுடைய பங்கை நீ சுமக்க வேண்டாம், ஆனால் உன்னுடையதைச் செத்தவன் தலையில் வைக்காதே. திங்கட்கிழமை நீயும் வந்து சொன்னால், உன் பக்கத்தில்தான் நான் நிற்பேன். வேலை போனால் போகட்டும், கேஸ் வந்தால் வரட்டும், உன்னோடு கோர்ட்டு படியும் ஏறுவேன். நீ வரவில்லை என்றாலும் நான் போவேன்.

நீ வருவாய் என்று நான் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அப்படி நம்பினால் அன்றைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டே தடுமாறிவிடுவேன். வரமாட்டாய் என்றே வைத்துக்கொண்டுதான் தயாராகிறேன். சங்கு ஊதவில்லை என்று நான் சொன்னதும் அதிகாரி, உங்கள் மகன் ஊதினதாகச் சொல்லியிருக்கிறாரே என்று கேட்பார். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலை வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். வாய் வரவில்லை. நேற்று பாத்தியில் யாரும் இல்லாத இடமாகப் போய் நின்று சொல்லிப் பார்த்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. அந்தப் பதிலை வேறு யாராவது உனக்குச் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் முதலில் உனக்கே எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டால் திங்கட்கிழமை வாய் வந்துவிடும்.

என் மகன் சொன்னது பொய்.

அம்மா